கயிறு பிடிப்பவன் இழுக்கக் கூடாது

போன மாதம் எங்கள் ஃபேக்டரி ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரங்கல் செய்தி வந்தது. பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் புற்றுநோயில் காலமாகிவிட்டார். "இரண்டு வருடம் வீரத்துடன் போராடி, கடைசியில் தோற்றுப் போனார்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் வழக்கம்போல ஒரு கும்பிடு போடப் போனேன். முடியவில்லை. அந்தத் 'தோற்றுப் போனார்' என்ற வார்த்தை உறுத்தியது.

உடனே எனக்கு உடும்பு ஞாபகம் வந்தான். அவன் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, நாலு வரி எழுதி, அழித்திருக்கிறேன். அவனைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்து எழுத வேண்டும். அதுதான் காரணம். இன்று எழுதிவிடுகிறேன்.

உடும்பு என்பது ஃபேக்டரியில் நாங்கள் வைத்த பட்டப்பெயர். அசல் பெயர் வேண்டாம். அவன் மனைவிக்குப் பிடிக்காது. 1980-இல் எங்கள் டூல் ரூமில் சேர்ந்தான். நான் அவனுக்கு இரண்டு வருடம் சீனியர். அல்சூர் தமிழன், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். பாதித் தமிழ், பாதிக் கன்னடம் பேசுவான். ஒல்லி உடம்பு. சம்பளத்தில் பெரும்பகுதி கயிறு, காரபைனர் என்று போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ராமநகரம் போய்ப் பாறை ஏறுவான். சிவாஜியின் ஆட்கள் உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிக் கோட்டைச் சுவரில் ஏறினார்கள் என்று ஒரு கதை சொல்வார்களே, அதை வைத்துக் கேன்டீனில் யாரோ ஆரம்பித்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் திருச்சிக்காரன். உச்சிப் பிள்ளையார் கோயில் படி ஏறியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. அதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "அண்ணே, அது படி. யாரோ உங்களுக்காக வெட்டி வெச்சது. பாறையில நம்ம படியை நாமதான் தேடணும்." முதல் இரண்டு வருடம் 'அண்ணே', அப்புறம் 'வாடா, போடா' ஆகிவிட்டது. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டவர்களுக்குள் மரியாதை ரொம்ப நாள் நிற்காது.

ராமநகரம் பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். 'ஷோலே' படம் எடுத்த இடம். கப்பர் சிங் நடமாடிய அந்தப் பாறைகள்தான் எங்கள் பள்ளிக்கூடம். காலையில் முதல் பஸ். வழியில் பிடதியில் இறங்கி ஆளுக்கு இரண்டு தட்டு இட்லி. ஏழரைக்குப் பாறை அடியில் இருப்போம். வெயில் ஏறிவிட்டால் கிரானைட் தோசைக்கல் ஆகிவிடும். காலில் கான்வாஸ் ஹன்டர் ஷூ. இப்போது பிள்ளைகள் போடும் ரப்பர் ஒட்டிய ஷூவெல்லாம் அப்போது நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

பாறை ஏறுவதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். இருவர் சேர்ந்து ஏறுவார்கள். ஒருவன் முன்னால் போவான். இன்னொருவன் கீழே நின்று கயிற்றை இடுப்பைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொள்வான். கீழே நிற்பவன் செய்வதற்கு 'பிலே' என்று பெயர். மேலே போகிறவன் வழியில் பாறை இடுக்கில் ஓர் ஆணியை அடித்தோ, ஏற்கெனவே அடித்திருப்பதைப் பார்த்தோ, அதில் காரபைனர் என்ற இரும்பு வளையத்தை மாட்டி, அதற்குள் கயிற்றை விடுவான். விழுந்தால் அந்த வளையம் வரைக்கும், அதற்குக் கீழே அதே அளவு தூரமும்தான் விழுவான். மிச்சத்தைக் கீழே நிற்பவன் பிடித்து நிறுத்துவான். அதனால் கீழே நிற்பவனுக்கு வேலை இரண்டு. விழுந்தால் பிடிக்க வேண்டும். கேட்டால் கயிறு விட வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

1986-இல் எனக்கு அது புரிந்தது. உடும்பு முப்பது அடி மேலே இருந்தான். ஆணி அவன் தலைக்கு மேலே. ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை இழுத்து வளையத்தில் மாட்ட வேண்டும். "ஸ்லாக்!" என்று கத்தினான். கயிற்றைத் தளர்த்து என்று அர்த்தம். நான் அவன் கால் நடுங்குவதைப் பார்த்தேன். பயந்துவிட்டேன். விழப்போகிறான் என்று நினைத்து, விடுவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவன் இழுக்கிறான், கயிறு வரவில்லை. மறுபடி "ஸ்லாக்!" அவன் குரலே மாறிவிட்டது. எப்படியோ அந்தக் கையால் மறுபடி பாறையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறங்கி வந்தான். முழங்கை வரை தோல் போயிருந்தது.

அடிப்பான் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, "மேலே இருக்கறவனுக்கு என்ன தெரியுதுன்னு கீழே இருக்கறவனுக்குத் தெரியாது. கேட்டா குடு. இழுக்காதே" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறமும் ஐந்து வருடம் என்னையே கயிறு பிடிக்க வைத்தான்.

இன்னொன்றும் அவனிடம் கற்றேன். புதிதாக ஏறுகிறவர்கள் பாறையை உடும்புப் பிடியாகப் பிடிப்பார்கள். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். விரல் தானாகத் திறந்துகொள்ளும். உடும்பு அப்படிப் பிடிக்கவே மாட்டான். விரலை லேசாக வைப்பான், எடையைக் காலில் விடுவான். முடியாது என்று தெரிந்தால் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிடுவான். "இன்னிக்கு வேணாம்ங்குது" என்பான், ஏதோ பாறையிடம் பேசிவிட்டு வந்த மாதிரி. பட்டப்பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை.

கூரான் க்ராப் என்ற ஸ்வீடன்காரரின் கதையை அவன் அடிக்கடி சொல்வான். அந்த மனிதர் தன் ஊரிலிருந்து சைக்கிளில் கிளம்பி நேபாளம் வந்து, 1996-இல் எவரெஸ்ட் ஏறினார். உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கும்போது நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தவர்! அடுத்த வாரத்தில் வந்த புயலில் அதே மலையில் எட்டுப் பேர் இறந்தார்கள். க்ராப் அந்த மாதக் கடைசியில் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். "அந்த நூறு மீட்டர்ல திரும்பினான் பாரு, அதுதான் ஏற்றம்" என்பான் உடும்பு. மேலே போகத் தெம்பு இருந்தால் போதும். திரும்புவதற்குத் தெம்போடு புத்தியும் வேண்டும் என்பது அவன் கட்சி.

1991-க்குப் பிறகு நான் பாறைப் பக்கம் போகவில்லை. பிரமோஷன், பிள்ளைகள், முழங்கால் வலி. அவன் ரிட்டையர் ஆன பிறகும் போய்க்கொண்டிருந்தான்.

2022 பிப்ரவரியில் அவனுக்கு முதுகுவலி வந்தது. பாறை ஏறுகிறவனுக்கு முதுகுவலி வராமல் இருக்குமா என்று எல்லோரும் சொன்னோம். எண்ணெய் தேய்த்தான், பிசியோதெரபி போனான். எடை குறைந்தது; சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். ஏப்ரலில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி. அதற்குள் ஈரலுக்குப் பரவியிருந்தது. கணையப் புற்றுநோயின் குணமே அதுதானாம்: வயிற்றின் ஆழத்தில் இருப்பதால், தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முதலில் அவனிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு பண்ணினார்கள். நம் வீடுகளில் நடப்பதுதான். "வெறும் அல்சர்" என்றார்கள். அவன் ரிப்போர்ட்டை எடுத்துத் தானே படித்துவிட்டு, "எவ்வளவு உயரம்னு சொல்லாம ஏறச் சொன்னா எப்படி?" என்று கேட்டானாம். அப்புறம் யாரும் மறைக்கவில்லை.

கீமோ எடுத்துக்கொண்டான். முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டான். ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன். கட்டி வளர்ந்திருந்தது. வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொன்னார். உடும்பு போதும் என்றான். வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மழை விட்டதும் அக்டோபரில் ஒரு தடவை ராமநகரம் போய்ப் பாறை அடியில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்றான். ஏற வேண்டாம், பார்த்தால் போதும்.

அவன் மகன் அமெரிக்காவிலிருந்து எனக்குப் போன் பண்ணினான். "அங்கிள், நீங்க சொன்னா அப்பா கேப்பாரு." அழுதான். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "பேசிப் பாருங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்கள். அந்த அம்மா மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நான் போய் உட்கார்ந்து பேசினேன். என்ன பேசினேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. "நீ உடும்புடா. உடும்புப் பிடி பிடிக்கறவன். இவ்வளவு பாறை ஏறினவனுக்கு இது ஒரு பாறையா? போராடணும். பையனுக்காகவாவது." அவன் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீயும் அதான் சொல்றியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சரி என்றான்.

புது மருந்து இரண்டு தடவை ஏறியது. இரண்டாவது தடவைக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் சரிந்து, காய்ச்சல், தொற்று. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் ஆறு நாள் ஐ.சி.யு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது அவனால் காரில் அரை மணி உட்கார முடியாது. ராமநகரம் அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் அவன் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். வெளியே நல்ல வெயில். "மழை விட்டுடுச்சு" என்றான். கொஞ்சம் கழித்து, "நான் ஸ்லாக் கேட்டேன். நீ இழுத்துட்டடா" என்றான். கோபமில்லை. 1986-இல் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்ன அதே குரல். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பரவால்ல விடு. நீ பயந்தா இழுப்பே, எனக்குத் தெரியும்" என்றான்.

நவம்பரில் போய்விட்டான். அந்தக் கடைசி ஆறு வாரம் வலி நிவாரண சிகிச்சைக் குழுவினர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டார்கள். மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். போதை மருந்தாச்சே, பழக்கமாகிவிடுமோ என்று நானும் முட்டாள்தனமாகக் கேட்டேன். சாகப் போகிறவனுக்குப் பழக்கமானால் என்ன என்று நர்ஸம்மா கேட்கவில்லை. வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் உடும்பு படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பேரனுக்கு வீடியோ காலில் எட்டு முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தான். முதலிலேயே இவர்களைக் கூப்பிட்டிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

சிகிச்சை வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகிற புற்றுநோய்கள் நிறைய இருக்கின்றன. கீமோ எடுத்துப் பதினைந்து, இருபது வருடம் நன்றாக இருப்பவர்கள் என் உறவிலேயே உண்டு. உடும்பும் முதல் சுற்றை மறுக்கவில்லை. மேலே போக வழி இருக்கும்வரை போக வேண்டியதுதான். நான் சொல்வது, எப்போது போதும் என்பதை முடிவு பண்ண வேண்டியவர் அந்தப் படுக்கையில் இருப்பவர். வெளியே நிற்கிற நாம் இல்லை.

'போராடு' என்ற வார்த்தையில் ஒரு வம்பு இருக்கிறது. போர் என்று வந்துவிட்டால் நிறுத்துகிறவன் கோழை. இறந்தவன் தோற்றவன். நோயாளி தன் வலியோடு இந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் நாம் அப்படிச் சொல்வது அவருக்காகவும் இல்லை. நம் பயத்துக்காக. அன்று உடும்பிடம் வீரம் பேசியவன் நான். பயந்து போயிருந்தவனும் நான்தான்.

உடும்பின் ஆதர்ச நாயகர் டக் ஸ்காட். 1975 செப்டம்பரில் எவரெஸ்டின் தென்மேற்கு முகம் வழியாக முதலில் உச்சிக்குப் போன இருவரில் ஒருவர். 1977-இல் காரகோரத்தில் பைந்தா ப்ராக் என்ற சிகரத்திலிருந்து இறங்கும்போது இரண்டு காலும் உடைந்து, முழங்காலில் தவழ்ந்தே கீழே வந்தவர். அவரும் 2020 டிசம்பரில் மூளைப் புற்றுநோயில்தான் போனார். அந்த வருடம் ஊரடங்கின்போது, 1975-இல் எவரெஸ்டில் போட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு தன் வீட்டு மாடிப்படி ஏறினார், நேபாள மக்களுக்கு நிதி திரட்ட. இந்தச் செய்தியை உடும்பு எனக்கு அனுப்பியிருந்தான். இவரைத் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா? அவருக்கு ஏற முடிந்த உயரம் அன்று அந்த மாடிப்படி. அதை ஏறினார்.

வயதானவர்களுக்கு ஒரு தகவல். நமக்கு எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதலில் மாஜிஸ்திரேட் முன் கையெழுத்து என்று கஷ்டமாக இருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ போதும். நான் அந்த வருடமே எழுதிவிட்டேன். மகளிடம் ஒரு காப்பி இருக்கிறது. முதலில் "என்னப்பா அபசகுனமா" என்றாள். உடும்பு கதையைச் சொன்னேன். வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டாள்.

வலி நிவாரண சிகிச்சை என்றால் 'கைவிட்டுவிட்டார்கள்' என்று அர்த்தம் இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் தொடங்கிய வேலை இன்று கேரளத்தில் ஊர் ஊராக இருக்கிறது. பெங்களூரில் கருணாஷ்ரயா பல வருடமாக இலவசமாகச் செய்கிறது. கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்கலாம். கேட்பதற்குக் கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பப்பாளி இலைச் சாறு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான கதை, மனதைரியம் பற்றிய பிரசங்கம், எல்லாவற்றையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். "என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். வந்த பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கொடுங்கள். கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்று வாட்ஸ்அப்பில் நான் கும்பிடு போடவில்லை. அதற்குப் பதில், அந்த பெயின்ட் ஷாப் நண்பர் ஆயுத பூஜைக்கு வருடா வருடம் ஃபேக்டரி வாசலில் அரை மணியில் போட்டுவிடும் பெரிய ரங்கோலியைப் பற்றி நாலு வரி எழுதினேன். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் ஒருவர், "அவர் எனக்கு ஸ்கூட்டருக்குக் கலர் கலந்து கொடுத்தார்" என்று எழுதினார். பிறகு இன்னொருவர். ராத்திரி பதினொரு மணி வரை வந்துகொண்டே இருந்தது.